தொலைவிலிருந்து பணியாற்றுவோரின் நெடுநாள் விசா: தமிழில் என்ன சொல்?

மடல் 1 – மொழிபெயர்ப்பாளர், சென்னை

அவையோருக்கு வணக்கம். கல்லூரி முடித்த இளைஞர்களுக்கான வழிகாட்டிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி, வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குத் தர வேண்டியிருக்கிறது. வெளியூர் நிறுவனத்துக்கு இணையவழி வேலை செய்துகொண்டே வேறொரு நாட்டில் ஓராண்டு அளவில் தங்கியிருக்க வழங்கப்படும் விசாவைப் பற்றி அதில் ஓர் இயல் இருக்கிறது. ஸ்பெயினின் 28/2022 எண் சட்டமே அதன் முதன்மை எடுத்துக்காட்டு.

முதல் வரைவில் 'டிஜிட்டல் நாடோடி விசா' என்று எழுதியிருந்தேன். இதே விசாவுக்காக என் அக்கா மகள் பட்டச் சான்றிதழையும் வங்கிக் கணக்குத் தாள்களையும் கூடத்தில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது 24. வரைவைப் படித்த அக்கா, "நாடோடின்னு போட்டா வீடு வாசல் இல்லாத பிள்ளைன்னு நெனைக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். அந்தச் சொல்லை அன்றே அடித்துவிட்டேன்.

'வேலை விசா' என்று மாற்றிப் பார்த்தேன். அது இன்னும் பெரிய பிழை. சம்பளம் தரும் நிறுவனம் ஸ்பெயினுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதே இந்த விசாவின் அடிப்படை. தனித்தொழில் செய்வோர்கூடத் தம் மொத்தப் பணியில் 20 விழுக்காடு வரைதான் ஸ்பானிய நிறுவனங்களுக்குச் செய்யலாம். 'வேலை விசா' என்று படித்துவிட்டு, அங்கே வேலை தேடப் போவதாக ஒரு பிள்ளை விண்ணப்பக் கடிதத்தில் எழுதினால், அந்த ஒரு வரியே விண்ணப்பத்தைக் கெடுத்துவிடும். பணி ஓரிடத்தது, உறைவு வேறிடத்தது என்று காட்டும் சொல் வேண்டும்.

மடல் 2 – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அம்மா, 'நாடோடி'யை நீக்கியது நன்று. ஆங்கிலச் சொல்லின் கிரேக்க வேரே மேய்ச்சலுக்காகத் திரிவோரைக் குறிப்பது. கணினிப் பணியாளருக்கு அது பொருந்தாது. 'விசா'வும் இலத்தீனில் 'பார்க்கப்பட்ட தாள்' என்பதன் குறுக்கமே ஆதலால், பொருள் விளங்க 'இசைவு' என்றே எழுதலாம். வேலைக்கு நம்மிடம் 'வினை' இருக்கிறது. "வினையே ஆடவர்க்கு உயிரே" என்னும் குறுந்தொகை 135ஆம் பாட்டில், தலைவனைப் பயணத்துக்கு அழைப்பது அந்த வினைதான். ஆகவே 'சேய்வினை உறைவிசைவு' என்று முன்மொழிகிறேன். சேய்மையில் வினை, இங்கே உறைவு, அதற்கு இசைவு: மூன்றும் அடங்கிவிட்டன.

மடல் 3 – கல்லூரி விரிவுரையாளர், மதுரை

ஐயா, தாங்கள் காட்டிய பாட்டின் அடுத்த அடி "மனையுறை மகளிர்க்கு ஆடவர் உயிர்" என்கிறது. இங்கே விண்ணப்பிப்பவள் ஒரு பெண். அந்த வேரிலிருந்து இவளுக்கு ஒரு சொல்லை எடுக்க என் மனம் ஒப்பவில்லை. மேலும் 'சேய்' என்றால் மாணவர்கள் குழந்தை என்றே கொள்வார்கள். 'சேய்வினை' சிறார் தொழில் என்று படிக்கப்படும். பட்டினப்பாலையில் "புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்" என்று வருகிறதே, 'புலம்பெயர் பணி இசைவு' எனலாகாதா?

மடல் 4 – யாழ்ப்பாணத்தவர், ரொறன்ரோ

தயவுசெய்து வேண்டாம். பட்டினப்பாலையில் அந்தச் சொல் பல மொழி பேசும் வணிகர்களைக் குறித்தது என்பதை அறிவேன். ஆனால் எங்களுக்கு அது போரும், விட்டுவந்த வீடும், அகதி விண்ணப்பமும். திரும்ப முடியாதவர்களின் சொல்லை, ஓராண்டு தங்கிவிட்டுத் திரும்பப் போகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். இலங்கையில் 'வதிவிட வீசா' என்று அரச படிவங்களிலேயே எழுதுகிறோம். அதனோடு ஓர் அடைமொழி சேர்த்தால் போதுமானது.

மடல் 5 – இதழாளர், கோலாலம்பூர்

மலேசியா 2022இல் இத்திட்டத்தைத் தொடங்கியபோது 'ரந்தாவ்' என்னும் மலாய்ச் சொல்லைப் பெயரில் வைத்தது. பொருள் தேடியும் அறிவு தேடியும் ஊரைவிட்டுச் சென்று வாழும், சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களின் மரபைச் சொல்லும் 'மெரந்தாவ்' அதிலிருந்து பிறந்ததே. தம் மண்ணின் சொல்லையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதைத் தமிழாசிரியர் ஐயாவுக்குத் துணையாகச் சொல்கிறேன். எனினும் சட்டப்படி அந்த அனுமதி 'தொழில்முறை வருகை அனுமதி' என்ற வகையைச் சேர்ந்தது. ஸ்பானியச் சட்டத்திலும் 'பன்னாட்டுத் தொலைப்பணியாளர்' என்றுதான் இருக்கிறது. விளம்பரத்துக்கு ஒரு பெயர், சட்டத்துக்கு ஒரு பெயர். நாம் மொழிபெயர்க்க வேண்டியது எதை?

மடல் 6 – மென்பொருளாளர், கோவை

சட்டப் பெயரைத்தான். 'தொலைப்பணி விசா' போதும். 'இசைவு' என்று தேடி எந்த இளைஞரும் இந்தப் பக்கத்துக்கு வரமாட்டார். வடசொல்லுக்கே எழுத்தை மாற்றி வழிவிட்ட தொல்காப்பியம் 'விசா'வுக்குக் கதவடைக்காது.

மடல் 7 – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

வழிவிட்டது உண்மை; இருக்கும் சொல்லைத் துறக்கச் சொல்லவில்லை. 'தொலைப்பணி'யில் வரும் 'ப்' என்னும் ஒற்றெழுத்தையேனும் காப்பாற்றுங்கள். 'தொலைபணி' என்று எழுதினால் வினைத்தொகையாகி, தொலைந்த, தொலைகின்ற, தொலையும் பணி என்று பொருள்படும். 'தொலைபேசி'யில் ஒற்று மிகவில்லை, 'தொலைக்காட்சி'யில் மிகுந்திருக்கிறது. இரண்டும் வழக்கில் நிலைத்துவிட்டதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். இங்கே பகர ஒற்று கட்டாயம் வேண்டும்.

மடல் 8 – மொழிபெயர்ப்பாளர், சென்னை

அனைவருக்கும் நன்றி. கூடுதலானோர் ஏற்றபடி 'தொலைப்பணி விசா' என்றே அனுப்புகிறேன், ஒற்றோடு. ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள் மட்டும் தங்கவிடும் குறுங்கால விசாவோடு இது குழம்பாதிருக்க, முதல் முறை வரும் இடத்தில் 'நெடுந்தங்கல்' என்பதை முன்னால் சேர்த்திருக்கிறேன். இலங்கைப் பதிப்புக்கு 'வீசா' என்று தனியே திருத்தித் தருவேன்.

மடல் 9 – யாழ்ப்பாணத்தவர், ரொறன்ரோ

எழுத்து சரி, 'தங்கல்' சரியில்லை. தங்குவது விடுதியில். ஓராண்டுக்கு வாடகை ஒப்பந்தம் எழுதி, முகவரி பதிந்து வாழ்வது வதிதல். இரண்டாம் பதிப்பு வரும்போது இதை மீண்டும் எழுப்புவேன்.