ஸ்கர்ட் போடும் ஆண்கள் யாராவது இருக்கீங்களா? ஒரு யோசனை வேண்டும்

வணக்கம். நான் ஆண்தான், ஸ்கர்ட் போட்டுக்கொண்டு வெளியே போகிறவன். வெயிலுக்கு இதைவிடச் சௌகரியமான உடுப்பு எனக்குத் தெரியவில்லை. பெரும்பாலானவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். வயதான பெண்கள் சிலர் "நல்லா இருக்குப்பா" என்றே சொல்லியிருக்கிறார்கள்.

சிக்கல் கும்பலாக நிற்கிறவர்களிடம்தான். தனியாக வருகிறவன் வாயைத் திறப்பதில்லை. நாலு பேர் சேர்ந்தால் சிரிப்பு, சீட்டி. சமீபத்தில் பேருந்தில் எதிரே இருந்தவன், செய்தி அனுப்புகிறவன் மாதிரி போனைத் தாழ்த்திப் பிடித்து என் காலைப் படம் எடுத்தான். பையை மடியில் வைத்து மறைத்துக்கொண்டேன். உடம்பே கூசிப்போனது.

ஸ்காட்லாந்தில் கில்ட் என்கிற பாவாடை, ஆண்கள் திருமணத்துக்கே போடுகிற உடை. 2013-இல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் அரைக்கால்சட்டைக்கு அனுமதி இல்லாததால் ரயில் ஓட்டுநர்கள் ஸ்கர்ட் அணிந்தே வண்டி ஓட்டினார்கள், நிர்வாகமும் தடுக்கவில்லை. இதெல்லாம் தெரிந்தும் அந்த நேரத்தில் நாக்கு எழவில்லை.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். படம் எடுப்பவனிடம் நேருக்கு நேர் கேட்பீர்களா, இடம் மாறி உட்காருவீர்களா? கூட வரும் என் சின்ன மகள் "ஏன்ப்பா சிரிக்கிறாங்க?" என்கிறாள். அவளுக்கு என்ன சொல்லலாம்? "போடுவதை நிறுத்து" என்பது மட்டும் வேண்டாம்.