மறு: பீப் இலன் (அயர்லாந்து இசைக்கருவி) – தமிழில் என்ன சொல்லலாம்?

> பேசாமல் 'அயர்லாந்துப் பைக்குழல்' என்று போட்டுவிடலாமே?

போடலாம்தான், ஆனால் இது ஐரிஷ் மொழி படிக்கிறவர்களுக்கான சொற்பட்டியல், அதில் இரண்டு வரி மேலேயே 'பீப் வாலா' உட்கார்ந்திருக்கிறது. பீப் என்றால் குழல், மாலா என்றால் பை, பீப் என்ற சொல்லுக்குப் பின்னால் வரும்போது ம ஒலி திரிந்து வாலா ஆகிறது. ஆக, பைக்குழல் என்ற பெயர் அதற்குப் போய்விட்டது. பீப் இலன் வேறு சாதி. வாய்க்கு வேலையே இல்லை. உட்கார்ந்துகொண்டு, வலது முழங்கைக்குக் கீழே சின்னத் துருத்தி ஒன்றைக் கட்டி, அதை அமுக்கி அமுக்கி இடது கைக்கு அடியில் இருக்கும் பைக்குக் காற்று அனுப்ப வேண்டும், வாசித்தபடியே பக்கத்திலிருப்பவரிடம் பேசக்கூட முடியும். 'இலின்' என்றால் முழங்கை, 'இலன்' அதன் வேற்றுமை வடிவம். எனவே 'முழங்கைக்குழல்' என் பரிந்துரை.

உறுப்புகளுக்குப் புதிதாக எதுவும் தேட வேண்டாம். விரல் வைத்து வாசிக்கும் குழாயில் இருப்பது இரட்டை நாக்கு, அது நம் நாகசுரத்துச் சீவாளியேதான். ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும் மூன்று குழாய்களுக்கு 'ஒத்து'. நாகசுரக்காரர் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரை நினைத்துக்கொண்டால் போதும், விளக்கமே தேவைப்படாது.

அப்புறம் 'பொஸ்கா கியோல்', அதாவது அக்கார்டியன். சொல்லுக்குச் சொல் இசைப்பெட்டி. நாமும் ஆர்மோனியத்தைப் பெட்டி என்றுதானே சொல்கிறோம், அப்படியே இருக்கட்டும்.

---

> எனவே 'முழங்கைக்குழல்' என் பரிந்துரை.

அண்ணா, கோபிக்காதீர்கள். முழங்கைக்குழல் என்றதும் எனக்கு மொட்டைமாடித் தொட்டிக்கு பிளம்பர் மாட்டிவிட்டுப் போன பிவிசி எல்போதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. வளைந்த குழாய் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நீங்களே துருத்தி என்று எழுதியிருக்கிறீர்களே, 'துருத்திக்குழல்' என்றால் ஆகாதா? காற்று எங்கிருந்து வருகிறது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

பௌரான் என்ற அயர்லாந்துத் தோல்கருவிக்கு 'ஐரிஷ் கஞ்சிரா' என்று குறித்து வைத்திருக்கிறேன், சரியா?

---

எல்போ என்று சொன்ன பிறகு எனக்கும் வேறெதுவும் தோன்றமாட்டேன் என்கிறது. சரி, துருத்திக்குழல். மூலச்சொல்லில் முழங்கை இருப்பதைப் பொருள் விளக்கத்தில் சேர்த்துவிடுகிறேன், படிக்கிறவருக்கு அந்த வேற்றுமை வடிவமும் பழகும்.

கஞ்சிரா வேண்டாம் தம்பி. ஒரு பக்கம் தோல் கட்டிய வட்டச் சட்டம் என்பதோடு ஒற்றுமை முடிந்தது. பௌரான் அதைவிட நன்றாகவே பெரியது, ஆட்டுத்தோல், பெரும்பாலும் குட்டையான குச்சியால் அடிப்பது, சட்டத்தில் சலங்கை மாதிரி ஒலிக்கும் வில்லைகளும் வழக்கமாக இருக்காது. கஞ்சிரா என்று படித்துவிட்டு ஒருவர் யூடியூபில் தேடினால் குழம்பிப்போவார். வயலினை வயலின் என்றே வைத்துக்கொண்ட நமக்கு பௌரானும் பௌரானாகவே இருப்பதில் என்ன கஷ்டம்?