கேட்ச் எ ஃபயர் டீலக்ஸ்: அதே பாட்டுகள் இரண்டு சிடியில் எதற்கு?

மாலை வானொலி:
வணக்கம். பாப் மார்லி என்றால் எனக்கு இத்தனை நாளும் 'லெஜண்ட்' தொகுப்புதான். இப்போது ஆல்பம் ஆல்பமாக முழுசாகக் கேட்கலாம் என்று 'கேட்ச் எ ஃபயர்' தேடினால் மூன்று வகை கிடைக்கிறது. ஒன்பது பாட்டு மட்டும் உள்ள சாதாரண சிடி, 2001இல் வந்த இரண்டு சிடி டீலக்ஸ், 2023இல் ஐம்பதாம் ஆண்டுக்கு வந்த பெரிய பதிப்பு. டீலக்ஸில் ஒரு சிடி முழுக்க 'ஜமைக்கப் பதிப்பு' என்று போட்டிருக்கிறது, பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் அதே பாட்டுகள். பாதியில் நின்ற டேக்கையும் ஒத்திகையையும் அள்ளிப் போட்டு விலையை ஏற்றுகிற மறுவெளியீடுகளை நிறையப் பார்த்தாயிற்று, இதுவும் அப்படியா? இரண்டையும் கேட்டவர்கள் சொல்லுங்கள். எனக்கு பேஸ் நன்றாகக் கேட்க வேண்டும், அதுதான் முக்கியம்.

ஒத்தைத் தாளம்:
தயங்காமல் டீலக்ஸ் வாங்குங்கள். முதல் சிடியில் இருப்பது டெமோவும் இல்லை, கழித்துப் போட்ட டேக்கும் இல்லை. 1972இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் மார்லியின் குழுவான வெயிலர்ஸ் பாடி வாசித்து முடித்த ஆல்பமே அதுதான். நாம் இத்தனை வருடம் கேட்டது அதன்மேல் லண்டனில் வேலை செய்த வடிவம்.

லண்டன் இசைத்தட்டு நிறுவனமான ஐலண்ட் ரெக்கார்ட்ஸின் கிறிஸ் பிளாக்வெல் 4,000 பவுண்டு முன்பணம் கொடுத்து, ஒரு முழு ஆல்பம் செய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். அப்போது ஜமைக்காவில் சிங்கிள்தான் வியாபாரம், எல்பி என்றால் பெரும்பாலும் ஓடிய சிங்கிள்களைச் சேர்த்துக் கட்டியதுதான், அதனால் அந்தப் பணம் திரும்பாது என்று பலரும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இவர்களோ டைனமிக் சவுண்ட்ஸ், ஹாரி ஜே, ராண்டிஸ் என்று மூன்று ஸ்டூடியோக்களில் பதிவுசெய்து முடித்தார்கள். மார்லி டேப்போடு லண்டன் போனார். பேசிங் ஸ்ட்ரீட்டில் இருந்த ஐலண்ட் ஸ்டூடியோவில் எட்டு டிராக் (தனித்தனி ஒலித்தடம்) டேப்பை 16 டிராக்குக்கு மாற்றி, மேலே கிதாரும் கீபோர்டும் சேர்த்து, ராக் கேட்கிறவர்கள் கடையில் கையில் எடுக்கிற மாதிரி மறுபடி மிக்ஸ் செய்தார்கள். 1973 ஏப்ரலில் வந்தது அந்த வடிவம். முந்தைய மிக்ஸ் முழுசாக வெளியே வர 2001 ஆயிற்று.

வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் 'கான்க்ரீட் ஜங்கிள்' பாட்டை இரண்டிலும் அடுத்தடுத்துப் போடுங்கள். லண்டன் வடிவத்தில் நீண்டு அழுகிற லீட் கிதார் உங்கள் காதை இழுத்துக்கொண்டே போகும். ஜமைக்க வடிவத்தில் அந்தக் கிதாரே கிடையாது. அது இல்லாதபோது கார்ல்டன் பாரெட்டின் டிரம்ஸ் முதல் அடியை வெறுமனே விட்டுவிட்டு மூன்றாவது அடியில் விழுவது பளிச்சென்று கேட்கிறது, பேஸ் எங்கே பேசுகிறது எங்கே வாயை மூடிக்கொள்கிறது என்பதும் கேட்கிறது. அப்புறம் பீட்டர் டாஷும் பன்னியும் பின்னால் கொடுக்கிற குரல்கள், அவை மார்லிக்குத் துணைப்பாட்டு இல்லை, மூன்று பேரும் சமமாக நிற்கிற குழு என்பது இந்த சிடியில்தான் எனக்கு உறைத்தது.

இன்னொன்று, முதல் சிடியில் பதினோரு பாட்டு. 'ஹை டைட் ஆர் லோ டைட்', 'ஆல் டே ஆல் நைட்' இரண்டும் 1973 ஆல்பத்தில் இல்லை. 'ஹை டைட்' ஒன்றுக்காகவே வாங்கலாம், அப்படி ஒரு பாட்டை எப்படி விட்டுவிட மனம் வந்தது என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

ஆறு கம்பி:
வாங்கச் சொன்னது சரி. ஆனால் ஜமைக்க வடிவம்தான் சுத்தம், லண்டன் வடிவம் கெடுத்த வேலை என்கிற பேச்சு இந்த ஆல்பத்தைத் தொட்டாலே வருகிறது, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மார்லி அந்த லண்டன் வேலையில் கூடவே இருந்தார். தன் பாட்டு ஜமைக்காவுக்கு வெளியே போக வேண்டும் என்பதில் அவருக்கும் பிளாக்வெல்லுக்கும் ஒரே எண்ணம்தான்.

வாசித்தது யார் என்றும் பாருங்கள். வெய்ன் பெர்கின்ஸ் அலபாமாக்காரர், அங்குள்ள மஸில் ஷோல்ஸ் ஊரில் ஸ்டூடியோ கிதார் வாசிப்பில் ஊறியவர், தன் குழுவின் ஆல்பத்துக்காக அதே ஐலண்ட் ஸ்டூடியோவுக்கு வந்தவரைப் பிளாக்வெல் பிடித்துக்கொண்டார். ரெகே என்கிற இந்த ஜமைக்க இசை அவருக்குப் புதிது, தாளத்தில் முதல் அடி எங்கே விழுகிறது என்றே பிடிபடாமல் திணறியிருக்கிறார். அந்த நிலையில் 'கான்க்ரீட் ஜங்கிள்' சோலோவை எடுத்திருக்கிறார்! கடைசியில் ஒரு சுரம் ஃபீட்பேக்கில் பிடித்துக்கொண்டு மேலே மேலே ஏறுகிறதே, அந்த இடத்தை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். ரெகே தெரிந்த ஒருவர் அப்படி வாசித்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

'ஸ்டிர் இட் அப்' லண்டன் வடிவம் ஜமைக்க வடிவத்தைவிட ஏறக்குறைய இரண்டு நிமிடம் நீளம். கிதாருக்கும் ராபிட் பண்ட்ரிக்கின் கீபோர்டுக்கும் இடம் கொடுத்து அந்தத் தாளத்தை ஓட விட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டுக்கு அவ்வளவு நேரம் தேவைதான். குட்டையான வடிவம் முடியும்போது எனக்கு ஏமாற்றமாக இருக்கும்.

ஒத்தைத் தாளம்:
கெடுத்த வேலை என்று நான் சொல்லவில்லை. 'ஸ்டிர் இட் அப்' விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் 'ஸ்லேவ் டிரைவர்', '400 இயர்ஸ்' போன்ற பாட்டுகளில் சொல்ல வந்தது கனமானது, அடிமை வாழ்வைப் பற்றியது, அதற்குப் பின்னால் எவ்வளவு குறைவாக ஒலிக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது என் கட்சி. '400 இயர்ஸ்' டாஷ் எழுதிப் பாடியது, 1970இல் தயாரிப்பாளர் லீ பெர்ரியிடம் ஒருமுறை பதிவுசெய்த பாட்டு. அந்தப் பழைய வடிவத்தையும் இந்த ஜமைக்க வடிவத்தையும் சேர்த்துக் கேட்டால் இரண்டு வருடத்தில் இந்தக் குழு எவ்வளவு நிதானமாகியிருக்கிறது என்று தெரியும். இந்த இரண்டு சிடியையும் ஒரே உறையில் போட்டவர்களை அதற்காகவே பாராட்டுகிறேன். எது மேல் என்று அவர்கள் தீர்ப்பு எழுதவில்லை, கேட்பவரிடம் விட்டுவிட்டார்கள்.

பழைய எல்பி:
2023 பதிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதில் 1973 மே மாதம் லண்டன் பாரிஸ் தியேட்டரில் பிபிசிக்காக வாசித்த கச்சேரி இருக்கிறது. பாப், பீட்டர், பன்னி மூவரும் ஒரே மேடையில் இருக்கிற கச்சேரி. அந்தப் பயணத்துக்குப் பிறகு பன்னி வெளிநாடு வர மறுத்துவிட்டார், அமெரிக்கப் பயணத்தில் அவர் இடத்தில் ஜோ ஹிக்ஸ் பாடினார். கச்சேரிப் பதிவு பிடிக்குமென்றால் அது, ஆல்பம் உருவான விதம் பிடிக்குமென்றால் 2001. உறைக்காக அலையாதீர்கள். சிப்போ லைட்டர் மாதிரி மேல்பக்கம் திறக்கிற அந்த முதல் உறை 20,000 பிரதிகளோடு சரி. ரிவெட் வைத்த கீல் என்பதால் திறந்து மூடி அட்டை கிழிந்துவிடும், நல்ல நிலையில் இருப்பதற்குக் கண்டபடி விலை சொல்கிறார்கள்.

மாலை வானொலி:
நன்றி எல்லோருக்கும். டீலக்ஸ்தான் என்று முடிவு செய்துவிட்டேன். பேஸ் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. இரண்டில் எதில் நன்றாக இருக்கிறது? எந்த வரிசையில் கேட்பது?

ஆறு கம்பி:
பேஸ் என்றால் நான் மறுபேச்சில்லாமல் ஜமைக்க சிடி. மேலே சேர்த்ததெல்லாம் இல்லாததால் அடித்தளத்துக்கு இடம் நிறைய. பேஸ் வாசித்தது பெரும்பாலும் ஆஸ்டன் 'ஃபேமிலி மேன்' பாரெட், டிரம்ஸ் கார்ல்டனின் அண்ணன். 'கான்க்ரீட் ஜங்கிள்' மட்டும் ராபி ஷேக்ஸ்பியர், பிறகு டிரம்ஸ் வாசிக்கிற ஸ்லை டன்பாரோடு சேர்ந்து பெரும் பெயர் எடுத்தாரே, அவரேதான், அப்போது இருபது வயதுகூட இருக்காது. கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்டால் இதில் பாதி காணாமல் போய்விடும், நல்ல ஹெட்ஃபோனாவது வேண்டும்.

ஒத்தைத் தாளம்:
வரிசை: உங்களுக்கு 'லெஜண்ட்' வழியாக லண்டன் 'ஸ்டிர் இட் அப்' ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும், அதனால் இரண்டாவது சிடியிலிருந்து தொடங்குங்கள், ஒன்பது பாட்டும் பழகட்டும். பிறகு முதல் சிடி. பாட்டு வரிசையே வேறு மாதிரி இருக்கும், குழம்ப வேண்டாம். பழைய பிரதி வாங்குவதென்றால் இரண்டு சிடியும் உள்ளே இருக்கிறதா என்று விற்பவரிடம் படம் கேட்டு வாங்குங்கள், ஒன்றை மட்டும் வைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.