ஆங்கிலத் தலைப்பில் 'பிட்வீன்': கப்பிட்டலா, சிம்பிளா?

அண்ணாமார், அக்காமார், ஆங்கிலத் தலைப்பு ஒன்றில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். யாழ்ப்பாணத்தில் எம்.ஏ. ஆய்வேடு முடிக்கிறேன், குருநகர் மீனவக் குடும்பங்களைப் பற்றியது. தலைப்பு 'லைஃப் பிட்வீன் த லகூன் அண்ட் த சீ'. வெள்ளிக்கிழமை திருநெல்வேலியில் பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். அட்டையில் பொன்னெழுத்து அடித்தால் பிறகு திருத்த ஏலாது.

பிரச்சினை 'பிட்வீன்' தான். மேற்பார்வையாளர் 'பீ'யைக் கப்பிட்டல் ஆக்கச் சொன்னார். போன செவ்வாய் இன்னொருவர் அதே 'பீ'யைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, சிம்பிள் எழுத்தாக்கு, அதாவது சிறிய எழுத்தாக்கு, என்று ஓரத்தில் எழுதிவிட்டார்.

வேர்ட் 2016இல் ஷிஃப்டும் எஃப்3யும் அழுத்திப் பார்த்தேன். அது 'த', 'அண்ட்' எல்லாவற்றுக்கும் கப்பிட்டல் போடுகிறது, வேலைக்காகாது. ஆய்வெழுத்துக்கான நடைக் கையேடுகளும் ஒத்துப்போகவில்லை. ஏபிஏ கையேட்டின் 7ஆம் பதிப்பில் நான்கு எழுத்தும் அதற்கு மேலும் உள்ள சொல் எதுவானாலும் கப்பிட்டல். எம்எல்ஏ கையேட்டில் 'பிட்வீன்' மாதிரி முன்னிடைச்சொல் (பிரிபொசிஷன்) எவ்வளவு நீளமென்றாலும் சிம்பிள். சிகாகோ கையேடும் 17ஆம் பதிப்பு வரை அப்படித்தான். 2024இல் வந்த 18ஆம் பதிப்பில் ஐந்தெழுத்திலிருந்து கப்பிட்டல் என்று மாற்றிவிட்டார்கள். ஆக இரண்டு பேரும் சரி, அதுதான் தலையிடி. துறைக் கையேட்டிலோ 'டைட்டில் கேஸ்' (தலைப்பில் முக்கியமான சொற்களுக்குக் கப்பிட்டல் போடும் முறை) என்ற இரண்டு சொல்லுக்கு மேல் ஒன்றுமில்லை. உசாத்துணைப் பட்டியலை மட்டும் ஏபிஏயில் செய்திருக்கிறேன்.

பட்டியல் ஏபிஏ என்பதையே காரணமாகக் காட்டி, அட்டையிலும் 'பிட்வீன்' என்பதைக் கப்பிட்டலில் விடலாமா?