புதுப்பிப்பு: 1931-32 புள்ளிப்பட்டியலில் காணாமல் போன இரண்டு ஆட்டங்கள் – விடை கிடைத்தது

இங்கிலாந்து கால்பந்து லீக்கின் மூன்றாம் டிவிஷன் வடக்கில் அந்தக் காலத்தில் 22 அணிகள், மற்ற ஒவ்வொரு அணியோடும் இரண்டு முறை மோதி ஆளுக்கு 42 ஆட்டம். ஆனால் 1931-32 பட்டியலில் 21 அணிகள், 40 ஆட்டம்தான் இருக்கிறது, ஏன் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அச்சுப்பிழையாக இருக்கலாம் என்றார்கள் சிலர், அது இல்லை. "அக்டோபர் மாத முடிவுகளைப் பாருங்கள், ஏதோ ஒரு அணி நின்றுபோயிருக்கும்" என்றவர் சொன்னதுதான் சரி. அந்த அணி விகன் பரோ. கையில் காசில்லை. அக்டோபர் 24 அன்று ரெக்ஸ்ஹாமில் 5-0 என்று தோற்றார்கள். 26ஆம் தேதி லீக்கிலிருந்தே விலகிவிட்டார்கள். சீசன் நடுவில் இப்படித் தானாக விலகிய முதல் லீக் அணி இதுதான். ஆடிய 12 ஆட்டங்களும் ரத்து. ஆக மற்ற அணிகளுக்கெல்லாம் இரண்டிரண்டு குறைந்தது.

எதிர்பாராத விஷயம்: அந்த 12 ஆட்டங்களில் விழுந்த கோல்களும் கணக்கில் இல்லை. ஆட்டக்காரர்களின் கோல் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறினால் முதலில் இதைச் சரிபாருங்கள். அந்த ஆண்டு இது சின்ன விஷயமும் அல்ல. லிங்கன் சிட்டி, கேட்ஸ்ஹெட் இரண்டும் 57 புள்ளி, கோல் சராசரியில்தான் (அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்தது) லிங்கனுக்குப் பட்டம்.

இன்றைய விகன் அத்லெடிக் வேறு கிளப், 1932இல் தொடங்கியது. குழப்பிக்கொள்ள வேண்டாம்.