மறு: குறைந்த நேரச் சாதனைகளின் வரலாறு – ‘சாதனைக் கொடிவழி’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வீடியோ கேமை மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கும் சாதனை எப்படிக் கைமாறி வந்தது என்பதைப் பற்றித் தமிழில் ஒரு காணொளி தயாரித்துக்கொண்டிருக்கிறேன். எடுத்துக்கொண்ட விளையாட்டு, 1985இல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’. படத்தொகுப்பு பாதி முடிந்துவிட்டது. பின்னணிக் குரலுக்கான உரைதான் நகர மறுக்கிறது. ‘வேர்ல்டு ரெக்கார்டு புரோகிரஷன்’ என்று வழங்குவதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று சென்ற மடலில் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வந்த பரிந்துரைகளை வைத்து என் கருத்தை எழுதுகிறேன்.

> ‘சாதனை வளர்ச்சி’ என்றே சொல்லலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் இங்கே ஒவ்வொரு புதிய சாதனையிலும் நேரம் குறைகிறது. இந்த வகைக் காணொளியைப் பரவலாக அறியச் செய்த சம்மனிங் சால்ட் என்ற யூடியூப் சேனலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: திரையில் ஒரு வரைபடம் வரும், ஒவ்வொரு சாதனைக்கும் கோடு ஒரு படி கீழே இறங்கும். கோடு இறங்கும்போது குரல் ‘வளர்ச்சி’ என்று சொன்னால் கண்ணும் காதும் முட்டிக்கொள்ளும். ‘முன்னேற்றம்’ என்பதற்கும் இதே குறைதான்.

> ‘சாதனைப் படியிறக்கம்’ எப்படி?

அந்த வரைபடத்துக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. அதற்கு அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வரலாறு முழுவதற்கும் இதை வைக்கத்தான் தயக்கம். படிகள் எண்ணை மட்டுமே காட்டுகின்றன. ‘கோல்டன்ஐ 007’ விளையாட்டின் முதல் கட்டமான அணைக்கட்டில் 53 வினாடி என்ற சாதனை 2002 முதல் 2017 டிசம்பர் வரை நின்றது. பிறகு அது 52 ஆனது. வரைபடத்தில் அந்த 15 ஆண்டுகளும் வெறும் தட்டைக் கோடு. ஆனால் அந்தக் காலம் முழுவதும் ஆட்டக்காரர்கள் அதே கட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடி, வழியைச் செதுக்கி, 53ஐத் தொட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். காணொளியில் நான் சொல்ல விரும்புவது அந்தத் தட்டைக் கோட்டுக்குள் நடந்ததைத்தான்.

என் பரிந்துரை ‘சாதனைக் கொடிவழி’. ஒரு குலத்தில் யாருக்குப் பின் யார், யாரிடமிருந்து யாருக்கு எது வந்தது என்று சொல்வதற்குக் கொடிவழி என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. குறைந்த நேரச் சாதனைகளில் நடப்பதும் அதுதான். ஒருவர் கண்டுபிடித்த உத்தி அடுத்தவருக்கு உரிமையாகிறது. அவர் அதில் ஒன்றைக் கூட்டுகிறார். மூன்றாமவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு சாதனையை முறிக்கிறார். உத்தியைக் கண்டுபிடித்தவர் ஒருமுறைகூடச் சாதனையாளர் பட்டியலில் இடம்பெறாமல் போகலாம். பட்டியலாகச் சொன்னால் அவர் காணாமல் போய்விடுவார். கொடிவழியில் அவருக்கு இடம் உண்டு.

போலிச் சாதனைகளைச் சொல்லவும் இந்தச் சொல் கைகொடுக்கும். அட்டாரி 2600 என்ற விளையாட்டுக் கருவிக்காக 1980இல் வந்த ‘டிராக்ஸ்டர்’ விளையாட்டில் 5.51 வினாடி என்ற சாதனை 1982 முதல் பதிவேடுகளில் இருந்தது. வேறு யாரும் 5.57க்குக் கீழே போனதில்லை. விளையாட்டின் நிரலைப் பிரித்து ஆராய்ந்தபோதும் 5.57தான் எல்லை என்று தெரிந்தது. 2018 ஜனவரியில், வீடியோ கேம் சாதனைகளைப் பதிவு செய்யும் ட்வின் கேலக்சீஸ் அமைப்பு அந்தச் சாதனையை நீக்கியது. அதற்கு முன்னோடியும் இல்லை, அதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வாரிசும் இல்லை. கொடிவழியில் எங்கும் ஒட்டாத எண் அது.

இனி மற்றச் சொற்கள்.

இப்படிக் குறைந்த நேரத்தில் முடிப்பதைக் குறிக்கும் ‘ஸ்பீட்ரன்’னுக்கு ‘விரைவோட்டம்’ என்று பலரும் எழுதுகிறார்கள். அது தடகளத்துக்கு உரியது. தேடினால் நூறு மீட்டர் ஓட்டம்தான் வரும். இங்கே வேகமாக ஓடுவதும் முக்கியமில்லை, சீக்கிரம் முடிப்பதே முக்கியம். கோல்டன்ஐ ஆட்டக்காரர்கள் பல இடங்களில் தரையைப் பார்த்துக்கொண்டே ஓடுவார்கள். திரையில் வரையவேண்டியது குறைந்தால் விளையாட்டுக் கருவி திணறாது, அதனால் நேரம் மிச்சமாகும். பார்ப்பவருக்கு அது வேகமாகவே தெரியாது. ஆகவே ‘விரைமுடிப்பு’ என்கிறேன். விரைமுடிப்பாளர், விரைமுடிப்புச் சாதனை என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன.

என்னை அதிகம் அலைக்கழித்தது ‘ஃபிரேம்ரூல்’. மாரியோவின் சாதனை வரலாறே இதன்மேல்தான் நிற்கிறது. விளையாட்டு வினாடிக்கு ஏறத்தாழ 60 சட்டகங்கள் (ஃபிரேம்கள், அதாவது திரையில் அடுத்தடுத்து மாறும் தனிப் படங்கள்) ஓடுகிறது. ஒரு கட்டம் முடிந்ததும் அடுத்தது உடனே தொடங்காது. விளையாட்டு 21 சட்டகங்களுக்கு ஒருமுறைதான் பார்த்து அடுத்த கட்டத்துக்கு அனுப்பும். ஆட்டக்காரர்கள் இதை 21 சட்டகத்துக்கு ஒன்றாகப் புறப்படும் பஸ் என்று விளக்குவார்கள். நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தி வந்தாலும் அதே பஸ்தான், ஒரு சட்டகம் பிந்தினால் அடுத்த பஸ். முதல் உலகின் முதல் கட்டமான 1-1இல் ஐந்து சட்டகம் மிச்சம் பிடித்தும் முந்தைய பஸ்ஸைப் பிடிக்க முடியாவிட்டால் அந்த ஐந்தும் வீண். மிச்சம் எப்போதும் 21 சட்டகமாக, அதாவது சுமார் 0.35 வினாடியாகத்தான் வரும். கடைசிக் கட்டமான 8-4 மட்டும் விலக்கு. அங்கே முடிவில் இருக்கும் கோடரியைத் தொட்டதும் கடிகாரம் நின்றுவிடுவதால் ஒவ்வொரு சட்டகமும் கணக்கில் வரும்.

‘சட்டக விதி’ என்று மொழிபெயர்த்தால் ஏதோ போட்டி விதிமுறை என்று எண்ணத் தோன்றும். நான் ‘சட்டகத் தவணை’ என்று வைத்திருக்கிறேன், சுருக்கமாகத் ‘தவணை’. ‘4-2இல் ஒரு தவணை மிச்சப்படுத்தினார்’, ‘தவணை தவறிவிட்டது’ என்று எழுதிப் பார்த்தேன். வாக்கியம் தானாக அமைகிறது.

நிரலில் உள்ள பிழையைக் குறிக்கும் ‘கிளிட்ச்’ விஷயத்தில் நம் இலக்கணமே வேலையை முடித்து வைத்திருக்கிறது. விதி பிறழாதது வழாநிலை, பிறழ்ந்தது வழு, பிறழ்ந்தும் தக்க காரணத்தால் ஏற்கப்பட்டது வழுவமைதி. பசுவைப் பார்த்து அன்பு மிகுதியால் ‘என் அம்மை வந்தாள்’ என்பது வழுவமைதி என்று பள்ளியில் படித்திருப்போம். மாரியோவின் 4-2இல் ஒரு குழாய், நாணயங்கள் நிறைந்த அறைக்குத்தான் போகவேண்டும். மாரியோவைச் சுவரில் மோதவிட்டு, திரையில் அவர் நிற்கும் இடத்தை வழக்கத்தைவிட வலப்புறமாகத் தள்ளிவிட்டால், அதே குழாய் வேறு உலகங்களுக்குத் தாவும் இடத்தில் கொண்டுபோய் விடும். நிரலைப் பொறுத்தவரை இது வழு. விரைமுடிப்பாளர்கள் கூடி ஏற்றுக்கொண்டதால் வழுவமைதி. இத்தகைய உத்திகளை அனுமதிக்காத பிரிவுக்கு ‘வழாநிலைப் பிரிவு’ என்று பெயர் வைத்துவிடலாம். எந்த வழியானாலும் சரி, முடித்தால் போதும் என்ற பிரிவுக்கு ‘எவ்வழிப் பிரிவு’.

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்

—

மறுமொழி:

தம்பி,

வழுவமைதியைப் படித்ததும் மகிழ்ச்சியில் எழுந்தே நின்றுவிட்டேன். அதை யாருக்காகவும் மாற்றாதீர்கள்.

கொடிவழியில் இரண்டு தடைகள். ஒன்று, அது இரத்த உறவைச் சொல்வது. ஒருவரையொருவர் அறியாத இருவர் தனித்தனியே ஒரே உத்தியைக் கண்டுபிடித்தால் எந்தக் கொடியில் சேர்ப்பீர்கள்? இரண்டு, இன்றைய இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொல் தெரியும்? ‘சாதனை வரலாறு’ போதாதா? இன்னொன்று: தவணை என்றதும் எனக்கு வங்கிக் கடன்தான் நினைவுக்கு வருகிறது.

—

மறு:

ஐயா, வணக்கம்.

உங்கள் இரண்டாவது தடையை முழுமையாக ஏற்கிறேன். காணொளியின் தலைப்பில் ‘சாதனை வரலாறு’ என்றே இருக்கும். தலைப்பைப் பார்த்துத்தான் ஒருவர் உள்ளே வருகிறார். வாசலில் அகராதியை நீட்டக்கூடாது. உள்ளே, படியிறக்க வரைபடம் முதன்முதலாகத் திரையில் தோன்றியதும், ஒவ்வொரு படியிலிருந்தும் உத்திகளின் கோடுகள் அடுத்த படிக்கு ஓடுவதைக் காட்டப்போகிறேன். அப்போது ‘இதுதான் இந்தச் சாதனையின் கொடிவழி’ என்று குரல் சொல்லும். பார்த்த பொருளுக்குப் பெயர் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

முதல் தடையை ஏற்க முடியவில்லை. தனித்தனியே பிறந்த உத்திகளைக் காட்டத்தான் கொடிவழி எனக்கு வேண்டும். இரண்டு கொடிகள் தனியாகத் தொடங்கிப் பின்னால் ஒன்றைப் பற்றிக்கொள்வதைப் படமாகக் காட்ட முடியும். இந்தத் துறையில் அது அடிக்கடி நடக்கிறது. சட்டகம் சட்டகமாக நிறுத்தி, மென்பொருள் கருவியின் துணையோடு ஆடிப் பார்ப்பவர்கள் ஒரு வழியைக் கண்டுபிடிப்பார்கள். மனிதக் கையால் முடியாது என்று எல்லோரும் ஒதுக்கிவைத்த அந்த வழியைப் பல ஆண்டுகள் கழித்து ஒருவர் நேரலையில் செய்து காட்டுவார். ‘சூப்பர் மாரியோ 64’ முடிய 70 நட்சத்திரங்கள் வேண்டும் என்பது விளையாட்டு வகுத்த நெறி. அது 16 ஆகி, 1 ஆகி, 0 ஆனது. ஒவ்வொரு எண்ணும் தனிப் பிரிவாக இன்றும் ஆடப்படுகிறது. பழைய கிளை பட்டுப்போகவில்லை. ‘வரலாறு’ என்ற சொல்லில் இந்தக் கிளைகள் தெரியவில்லை, ஐயா.

தவணை பற்றி: குறித்த காலம், கெடு என்ற பொருள்தான் அதன் உயிர். கடனைக் கட்டுவதும் அந்தப் பொருளால்தான் தவணையாயிற்று. ‘சட்டகத் தவணை’ என்று முதல் இரண்டு இடங்களில் முழுதாகச் சொல்லிவிட்டால் வங்கி வாடை போய்விடும்.

சொற்கள் உரையில் எப்படி உட்காருகின்றன என்று பார்க்க ஒரு பத்தியைத் தருகிறேன்:

“2016 அக்டோபரில் டார்பியன் என்ற ஆட்டக்காரர் சூப்பர் மாரியோ பிரதர்ஸை 4 நிமிடம் 56.878 வினாடியில் முடித்தார். 4:57க்குக் கீழே முடித்த முதல் மனிதர் அவர்தான். 2021 ஏப்ரலில் நிஃப்ட்ஸ்கி 4:54.948ஐ எட்டி, 4:55க்குக் கீழே போன முதல் ஆள் ஆனார். இடையில் நாலரை ஆண்டுகள். சாதனையில் குறைந்த நேரமோ 2 வினாடிகூட இல்லை. ஆனால் அதைத் தவணைகளாக எண்ணினால் ஐந்துக்கும் மேல். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வழுவமைதி, அதைக் கண்டுபிடித்தவர் ஒருவர், அதை முதலில் ஆட்டத்தில் செய்து முடித்தவர் இன்னொருவர். அதே 2021இல் நிஃப்ட்ஸ்கி தம் நேரத்தை 4:54.798 ஆக்கினார். குறைந்த நேரம் 0.15 வினாடி, ஒரு தவணையில் பாதிகூட இல்லை. அப்படியானால் கணக்கு 8-4இல் இருக்கிறது. வாருங்கள், அந்தக் கட்டத்தைச் சட்டகம் சட்டகமாகப் பார்ப்போம்.”

வாய்விட்டுப் படித்தேன். ‘வழுவமைதி’ என்ற இடத்தில் மூச்சு முட்டவில்லை. ‘விரைமுடிப்பாளர்’ மட்டும் வேகமாகச் சொன்னால் நாக்கில் சற்றுப் புரள்கிறது. பத்திக்கு ஒருமுறைக்கு மேல் வராமல், மற்ற இடங்களில் ‘ஆட்டக்காரர்’ என்றே விட்டுவிடுகிறேன்.

இனித் தீர்மானிக்க வேண்டியது, கருவியின் துணையோடு ஆடும் முறைக்கான பெயர். ‘கருவித்துணை ஆட்டம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘எந்திர ஆட்டம்’ வேண்டாம் என்பது என் எண்ணம். எந்திரம் தானாக ஆடுகிறது என்று பார்ப்பவர்கள் நினைத்துவிடுவார்கள். ஒவ்வொரு சட்டகத்திலும் எந்தப் பொத்தான் என்று முடிவு செய்வது மனிதர்தான், அந்த உழைப்புக்குரிய பெருமை அவருக்குப் போய்ச் சேரவேண்டும். இதைவிடச் சிறிய சொல் யாருக்காவது தோன்றினால், குரல்பதிவுக்கு முன் எழுதுங்கள்.

அன்புடன்