ரொபஸ்ட்னஸுக்குத் தமிழ்: வியாழனுக்குள் வேண்டும்

ஆசிரியை, பெஸ்தாரி ஜெயா (திங்கள் இரவு)

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை எங்கள் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஓர் உரை. பேச வருபவர் இந்த ஊர்த் தோட்டத்துப் பிள்ளைதான், தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். கணித மெய்யியல், புற்றுநோய் மருத்துவம், வளங்குன்றா வேளாண்மை என்று மூன்றையும் ஒரே ஆய்வில் கட்டி மேய்க்கிறார். படவில்லைகளைத் தமிழாக்கும் வேலை என் தலையில். முக்கால்வாசி முடிந்தது. ஆனால் ஒரு சொல் எல்லாப் படவில்லையிலும் வந்து நிற்கிறது: ரொபஸ்ட்னஸ். ஒரு பக்கம் அடிபட்டாலும், சுற்றுச்சூழல் மாறினாலும், தன் செயல் கெடாமல் இருப்பது என்று விளக்கம் தந்திருக்கிறார். மூன்று துறையிலும் இருப்பது ஒரே குணம் என்பதுதான் அவர் பேச்சே, அதனால் துறைக்கொரு சொல் வைக்க முடியாது. இப்போதைக்கு ‘உறுதிப்பாடு’ என்று போட்டிருக்கிறேன். வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. கேட்க வருவோரில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளும் உண்டு, பாட்டிமாரும் உண்டு.

மருந்தகத்தில் இருந்தவன், ஈப்போ (திங்கள், பின்னிரவு)

டீச்சர், வேறு எதை வேண்டுமானாலும் வையுங்கள், உறுதிப்பாடு வேண்டாம். மருத்துவமனையில் ‘புற்று உறுதி’ என்றால் சோதனை முடிவு வந்துவிட்டது என்று பொருள். ‘புற்றின் உறுதிப்பாடு’ என்று திரையில் போட்டால் முன்வரிசைப் பாட்டி அழ ஆரம்பித்துவிடுவார்.

இன்னொன்று. உறுதி, திட்பம், வலிமை எல்லாம் நல்ல குணங்கள். இங்கே அந்தக் குணம் எதிரியிடம் இருக்கிறது. ஹிரோஆகி கிட்டானோ என்ற ஜப்பானியர் 2004இல் இதைத்தான் எழுதினார்: புற்றுநோயே ஒரு ரொபஸ்ட் அமைப்பு, அதனால்தான் மருந்துக்கு மடங்குவதில்லை. ஒரு கட்டிக்குள்ளேயே உயிரணுக்கள் பலவிதம். மருந்து தொண்ணூறைக் கொல்லும், அதற்குப் பிடிகொடுக்காத பத்து மறுபடி பெருகும். 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் ஒருவகை இரத்தப் புற்றுக்குப் பெரிய வரம். அதிலும் சிலருக்கு, மருந்து போய் ஒட்டும் இடத்தையே மாற்றிக்கொண்டு நோய் திரும்புகிறது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது இதற்காகத்தான். ஆகவே நல்லதையும் சொல்லாமல் கெட்டதையும் சொல்லாமல் நிற்கும் சொல் வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தைப்பிங் (செவ்வாய், காலை)

வேரிலிருந்து வருவோம். ரொபஸ்ட் என்பதன் மூலம் இலத்தீனில் ஓக் மரத்தைக் குறிக்கும் ‘ரோபுர்’. அதாவது வைரம் பாய்ந்த கட்டை. அந்த வைரத்துக்கு நம் பழஞ்சொல் என்ன? காழ்! ‘புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப’ என்று தொல்காப்பிய மரபியல் வகுத்து வைத்திருக்கிறது. உள்ளே வைரம் இருந்தால் மரம், வெளியே இருந்தால் புல். ஆகவே ‘காழ்மை’ என்பது என் பரிந்துரை.

ஆசிரியையின் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு வேடிக்கையான சான்று இருக்கிறது. மலாயாவில் செம்பனையை, அதாவது எண்ணெய்ப் பனையை, வணிகப் பயிராக முதலில் நட்டது 1917இல், தென்னமரம் தோட்டத்தில். தொல்காப்பியர் கணக்கில் தென்னை மரமே இல்லை, புல். செம்பனையும் புல். புல்லின் பெயரில் மரத்தை வைத்து அந்த மரத்தில் புல்லை நட்டிருக்கிறார்கள்!

தச்சன், பந்திங் (செவ்வாய், மதியம்)

ஐயா, நான் மரத்தை அறுத்துத்தான் சோறு தின்கிறேன். அகக்காழ் உள்ளது மரம் என்றால் பால்மரம் எந்தக் கணக்கு? அதை அறுத்துப் பாருங்கள், வைரம் என்று தனியாக ஒன்றும் தெரியாது, எல்லாம் வெள்ளைக் கட்டை. மருந்தேற்றாவிட்டால் வண்டு துளைத்து மாவாக்கிவிடும்.

இன்னொரு சந்தேகம். காழ்மை என்றதும் எனக்குக் காழ்ப்புணர்ச்சிதான் ஞாபகம் வருகிறது. சங்கத் தேர்தல் சமயத்தில் மேடைக்கு மேடை கேட்ட சொல்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தைப்பிங் (செவ்வாய், மதியமே)

காழ்ப்பும் அதே வேர்தான் தம்பி. மனம் காழ்த்துப் போவதால் காழ்ப்பு. பொருள் கெட்டது நம்மால், சொல்லால் அல்ல. ஈப்போ நண்பர் எதிரியிடம் உள்ள குணம் என்றாரே, அதற்குக் குறளே இருக்கிறது, பகைத்திறம் தெரிதல், 879:

இளைதாக முள்மரம் கொல்க களையுநர்
கைகொல்லும் காழ்த்த இடத்து

முள்மரத்தை இளசிலேயே வெட்டு, காழ்த்துவிட்டால் வெட்டுகிறவன் கையையே அது பதம் பார்க்கும். புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறிய வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன விளம்பரம் வேண்டும்?

மருந்தகத்தில் இருந்தவன், ஈப்போ (செவ்வாய், மாலை)

குறளுக்கு ஒரு கும்பிடு. இத்தனை வருடம் இது என் கண்ணில் படவில்லை. ஆனால் சொல்லுக்கு என் வாக்கு இல்லை. பாட்டிக்குக் காழ் புரியாது.

கணித மாணவன், சுங்கை பட்டாணி (செவ்வாய், இரவு)

பெரியவர்கள் மன்னிக்கவும். ரொபஸ்ட்னஸ் என்றே எழுதினால் என்ன? ரப்பரை அப்படியே எடுத்துக்கொண்டோமே.

கணிதப் பக்கத்தையும் யாரும் தொடவில்லை. ஒரு தேற்றத்துக்கு ஒரு நிறுவல் போதும், அதோடு அது உண்மை. அப்படியிருக்க இருபடி எச்சங்களை (வர்க்க எண்களை வகுத்தால் வரும் மீதிகளை)ப் பற்றிய ஒரே தேற்றத்தைக் காவுஸ் என்ற கணித மேதை ஏன் எட்டு விதமாக நிறுவினார்? முதலாவது 1796இல். ஆறு அவர் வாழ்நாளில் வெளிவந்தன, இரண்டு இறந்த பிறகு. ஒன்றில் ஓட்டை கண்டுபிடித்தாலும் மற்றவை தாங்கும் என்பது ஒரு பதில். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல வழிகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால் அந்த இடம் நம் கற்பனை இல்லை என்பது இன்னொரு பதில். விம்சாட் என்ற மெய்யியலாளர் 1981இல் ரொபஸ்ட்னஸ் என்றது இதைத்தான், அவர் பேசியது அறிவியலைப் பற்றி. சனிக்கிழமை பேசுபவர் அதைக் கணிதத்துக்குக் கொண்டுவருகிறார் என்று நினைக்கிறேன். எனவே ‘உறுதி’ இங்கேயும் உதவாது. நிறுவிய தேற்றம் எல்லாமே உறுதிதான், அதில் கூடக் குறைய இல்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தைப்பிங் (செவ்வாய், இரவு)

ரப்பரை அப்படியே எடுத்தது படித்தவர்கள். வெட்டியவர்கள் பால்மரம் என்றார்கள். ஆயில் பாமைச் செம்பனை என்றார்கள். எந்தக் கலைச்சொல் குழு கூடியது?

கிராணி வீட்டுப் பெண், பெஸ்தாரி ஜெயா (புதன், காலை)

செம்பனை என்றதும் எழுதத் தோன்றியது. அம்மா சின்ன வயதில் பவுடர் அடிக்கும் வேலைக்குப் போவார். செம்பனைப் பெண்பூவில் கையால் மகரந்தம் தூவும் வேலை. 1981இல் கெமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், அந்த வேலையே போய்விட்டது. விளைச்சல் ஏறியது உண்மை. ஆனால் அத்தனை தோட்டத்துக் காய்ப்பும் பெரும்பாலும் அந்த ஒரு வண்டின் தலையில். அதற்கு ஏதாவது ஆனால்? பால்மரமும் இதே கதை. 1876இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளின் வழிவந்தவைதான் இங்கே பெரும்பாலும். தென்னமெரிக்காவில் தோட்டங்களை அழித்த இலைக்கருகல் நோய் இந்தப் பக்கம் வந்தால் எல்லா மரமும் ஒரே மாதிரி விழும். செழிப்பாக இருக்கிறது, ஆனால் டீச்சர் சொன்ன அந்தக் குணம் இல்லை.

எனக்குத் தோன்றிய சொல்: குலையாமை. அடித்தாலும் குலையாதது.

தச்சன், பந்திங் (புதன், காலை)

அக்கா, தோட்டத்தில் குலை என்றால் பழக்குலை. ‘செம்பனையின் குலையாமை’ என்று போட்டால் குலைக்குள் ஆமை புகுந்த கதையாகிவிடும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தைப்பிங் (புதன், காலை)

சங்க இலக்கியத்தில் ஆமைக்கு யாமை என்றே வடிவம் உண்டு. ‘குலை யாமை’ என்று பிரித்தாலும் ஆமைதான், தப்பிக்க வழியில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர், கிள்ளானில் (புதன், பின்னேரம்)

நிலைகுலையாமை எண்டு வைத்தால் ஆமை போய்விடுமே என்று எழுத வந்தேன். ஆனால் எங்கள் பக்கம் சஸ்டைனபிளுக்கு நிலைபேறான என்றும் பேண்தகு என்றும் புழங்குகிறது. இரண்டிலும் ‘நிலை’ வந்தால் படவில்லை குழம்பும். ‘தாங்குதிறன்’ பார்த்தேன், அதை ஒரு நிலம் எத்தனை உயிரைத் தாங்கும் என்பதற்கு ஏற்கனவே எடுத்துவிட்டார்கள். ‘குலையாத் தன்மை’ என்றால் ஆமையும் இல்லை, நிலையும் இல்லை.

கணித மாணவன், சுங்கை பட்டாணி (புதன், இரவு)

குலையா தன்மை எனக்குச் சம்மதம். அடைப்பில் ரொபஸ்ட்னஸ் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தைப்பிங் (புதன், இரவு)

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகும். குலையாத் தன்மை. ஒற்றைத் தின்னாதீர்கள்.

ஆசிரியை, பெஸ்தாரி ஜெயா (வியாழன், மதியம்)

நேரம் முடிந்தது. எண்ணிப் பார்த்தேன்: குலையாத் தன்மைக்கு ஐந்து, காழ்மைக்கு ஒன்று. என் வாக்கையும் ஐந்தில் சேர்த்திருக்கிறேன், மனம் முழுக்க ஒப்பவில்லை. தன்மை என்று முடியும் சொற்கள் ஏற்கனவே பன்னிரண்டு இருக்கின்றன அந்தப் படவில்லைகளில். புற்றுநோய்ப் பகுதியின் தொடக்கத்தில் 879ஆம் குறளை வைத்துவிட்டேன். ஐயாவுக்கு நன்றி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தைப்பிங் (வியாழன், மதியம்)

குறளில் ‘காழ்த்த’ இருக்கிறது, கீழே சொல் ‘குலையாத் தன்மை’. இரண்டும் ஒன்றா என்று ஒரு பிள்ளை கேட்டால்?

ஆசிரியை, பெஸ்தாரி ஜெயா (வெள்ளி, மாலை)

சொல்லிக்கொள்கிறேன் ஐயா. இப்போது வேறு கவலை. கையேடு அச்சாகி வந்துவிட்டது, முந்நூறு பிரதி. அட்டையில் ‘குலையா தன்மை’. நான் அனுப்பியதில் ஒற்று இருந்தது, அச்சகத்தில் யாரோ எடுத்துவிட்டார்கள். பேனாவால் போட உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்தில் இருப்பவர்கள் வந்தால் தேநீர் உண்டு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தைப்பிங் (வெள்ளி, மாலை)

காழ்மைக்கு ஒற்றுத் தொல்லையே கிடையாது.